படிகமும் கைப்பேசியும்

விழுப்புரத்து நேருஜி சாலையிலோ திண்டிவனத்துக் கடைத்தெருவிலோ உள்ள கைப்பேசிக் கடைகளில் மாலை வேளையில் சற்று நின்று பார்க்கிறவருக்கு ஒரு விஷயம் புலப்படாமற் போகாது. குடும்பத்தோடு வந்து புதிய ஸ்மார்ட்போன் வாங்குகிறவர்கள், விலையையும் மாதத் தவணையையும் பேசி முடித்த பின்னர், கறுப்பா, நீலமா, இளம்பச்சையா, வெள்ளியா என்ற ஒரு கேள்வியில் வந்து நின்றுவிடுகிறார்கள்; மகள் ஒன்றை விரும்ப, தாய் வேறொன்றைச் சொல்ல, தகப்பனார் ராசிக்கு உகந்த நிறம் எது என்று ஆலோசிக்க, கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஒருவாறு நிறம் தீர்மானமாகி, திரைமேல் கண்ணாடி ஒட்டி, முதுகில் கவரும் மாட்டிக் கையில் கொடுக்கிறார்கள். அன்றிரவு முதல் ஆண்டுக்கணக்காகக் கண்ணெதிரே நிற்கப்போகிற நிறமோ வேறொன்று. அது திரையின் நிறம். அந்தத் திரை எவ்வளவு பிரகாசிக்க வேண்டும், எந்த அளவுக்கு வர்ணம் கூடியிருக்க வேண்டும், இரவில் எப்படி மாற வேண்டும் என்பவற்றை நிர்ணயிக்கும் 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' பகுதியை வாங்கிய தினத்தில் திறந்து பார்ப்பவர் மிகச் சிலர்.

இது கடைவீதி விஷயம். இதற்கும் ஆன்ம விசாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு என்பதே என் துணிபு. நிறத்துக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பு என்ன, வெளியிலுள்ள வர்ணம் உள்ளே சென்று உயிரைச் சாயமேற்றுகிறதா, அல்லது உயிரின் உள்ளே விளைந்த சாயம்தான் வெளியே வர்ணமாகத் தோன்றுகிறதா என்ற வினாவை, இந்த விழுப்புரம் மாவட்டத்து மண்ணிலேயே வேரூன்றிய இரண்டு பெரிய சமயங்கள் தத்தம் வழியில் ஆராய்ந்து, வேறு வேறான விடைகளைத் தந்து வைத்திருக்கின்றன.

திருவெண்ணெய்நல்லூர் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், பெண்ணாகடத்திலே பிறந்து, சுவேதவனப்பெருமாள் என்ற பிள்ளைத் திருநாமத்தோடு இவ்வூரில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்ற மெய்கண்டதேவர், சைவ சித்தாந்தம் முழுவதையும் பன்னிரண்டே சூத்திரங்களில் அடக்கிச் சிவஞானபோதம் அருளியது இங்கேதான். அந்நூலின் எட்டாம் சூத்திரம், அரசகுமாரன் ஒருவன் வேடர்களிடையே அகப்பட்டு வளர்ந்து, தன்னையும் வேடனென்றே எண்ணித் தன் குலத்தை மறந்திருத்தலைப் போல, உயிர் ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன் தலைவனை மறந்திருக்கிறது என்று கூறுவது. அதை விளக்கும் உதாரண வெண்பாக்களில் ஒன்றிலே படிகம் வருகிறது. படிகத்துக்குத் தனக்கென்று ஒரு வர்ணம் இல்லை. செம்பருத்தியை அருகே வைத்தால் சிவப்பாகவும் நீலோற்பலத்தை வைத்தால் நீலமாகவும் அது தோன்றும். உயிரின் ஸ்வபாவமும் அத்தகையதே என்பது சித்தாந்தம்: எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும், சார்ந்த பொருளையும் தன்னையும் வேறு பிரித்து அறியாது. இருளில் இருளாகவும் ஒளியில் ஒளியாகவும் நிற்கிற கண்ணை இதற்குத் துணை உவமையாகச் சித்தாந்திகள் எடுத்துக்காட்டுவார்கள்.

நம் கையிலுள்ள திரையின் அமைப்பை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். அணைந்திருக்கும்போது அது வெறும் கருங்கண்ணாடி. ஏற்றினால், இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 1080-க்கு 2400 அளவுள்ள திரையில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் விழித்துக்கொள்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலப்பினால் ஒவ்வொரு புள்ளியும், நிறம் ஒன்றுக்கு 256 படிகளாக, 1 கோடியே 67 லட்சத்துக்கும் அதிகமான வர்ணங்களில் எதையும் காட்ட வல்லது. மனிதன் செய்த பொருள்களுள் படிகத்துக்கு இவ்வளவு நெருங்கியது வேறில்லை. ஆனால் ஒரு பேதம் உண்டு. அதுவே நம் விஷயத்தின் உயிர்நிலை. படிகம் தன் பக்கத்திலுள்ள மலரின் நிறத்தைக் காட்டுகிறது. திரையோ, எங்கோ தொலைவில் இருந்து எவரோ தேர்ந்தெடுத்த நிறத்தை நம் பக்கத்தில் கொண்டுவந்து காட்டுகிறது. பல கைப்பேசிகளில் 'விவிட்' என்றும் 'நேச்சுரல்' என்றும் இரண்டு நிலைகள் இருக்கும். முன்னதில் வர்ணங்கள் உள்ளதைக் காட்டிலும் கூட்டி வைக்கப்பட்டிருக்கும். கடையின் பளீரென்ற விளக்கொளியில் பக்கத்துப் பெட்டியை வென்று கண்ணைக் கவர வேண்டிய அவசியத்துக்கு அது பொருத்தமான நிலை. வெண்மை என்று நாம் நினைப்பதுகூட, நண்பகல் வெளிச்சத்தை ஒட்டி ஏறத்தாழ 6,500 கெல்வின் என்று சர்வதேச அளவில் ஒப்புக்கொண்ட ஒரு மரபுதான். அதைச் சற்றுக் குளிர்ந்த நீலமாகவோ வெதுவெதுப்பான மஞ்சளாகவோ நகர்த்தலாம். செயலிகளின் மூலையில் தோன்றும் சிறிய சிவப்புப் பொட்டும் தற்செயலாக அமைந்ததன்று; பார்த்தவுடன் தொட வேண்டும் என்ற எண்ணத்தை எழுப்பும்பொருட்டே அந்நிறம் அங்கே வைக்கப்பட்டது. பகலெல்லாம் அத்தகைய நிறங்களின் அருகே நிற்கிற உயிர், தன் வேட்கை எது, திரை தந்த வேட்கை எது என்று பிரித்தறிய மாட்டாமல் மயங்குவதைக் காணும்போது, வேடரிடையே வளர்ந்த அந்த அரசகுமாரன் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இது ஒரு பக்கம். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட நாட்டில் மேல்சித்தாமூர் என்ற ஊர் இருக்கிறது; தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் அங்கேதான் உள்ளது. சுற்றுவட்டாரக் கிராமங்கள் பலவற்றில் நயினார் குடும்பங்கள் இன்றும் அருகனை வழிபட்டு வாழ்கின்றன. அவர்களுடைய சமயம் நிறத்தைப் பற்றிச் சொல்வது வேறு. லேசியை என்று அவர்கள் கூறும் தத்துவத்தின்படி, ஒவ்வோர் உயிரும் தன் எண்ணத்தாலும் செயலாலும் தனக்கே ஒரு சாயத்தை ஏற்றிக்கொள்கிறது: கருமை, நீலம், புறாவின் சாம்பல் நிறம், தீயின் செம்மை, தாமரையின் பொன்மை, வெண்மை என அது ஆறு வகை, முதல் மூன்றும் தீயன, பின் மூன்றும் நல்லன. இதை விளக்க ஒரு கதை சொல்வார்கள். பசித்த ஆறு பேர் பழுத்த நாவல்மரம் ஒன்றைக் கண்டனர். மரத்தை வேரோடு வெட்டுவோம் என்றான் ஒருவன். பெரிய கிளையை வெட்டினால் போதும் என்றான் இரண்டாமவன். சிறு கொம்பு என்றான் மூன்றாமவன். கொத்துகளை ஒடிப்போம் என்றான் அடுத்தவன். பழங்களை மட்டும் பறிப்போம் என்றான் ஐந்தாமவன். கீழே உதிர்ந்து கிடப்பவற்றைப் பொறுக்கி உண்போம் என்றான் கடைசியில் நின்றவன். மரமும் ஒன்று, பசியும் ஒன்று. நெஞ்சின் நிறம் மட்டும் ஆறு.

சமணர் இதில் இன்னொரு நுட்பத்தையும் சேர்த்திருக்கிறார்கள். உடம்பின் நிறமாகிய திரவிய லேசியை வேறு, உள்ளத்தின் பரிணாமமாகிய பாவ லேசியை வேறு. முன்னதைக் கொண்டு பின்னதை நிர்ணயிக்க முடியாது. கருமேனி கொண்டவன் வெண்மையாகிய சுக்கில லேசியையில் நிற்கக்கூடும். கைப்பேசியின் முதுகிலுள்ள நிறத்தைப் பற்றிய தர்க்கம் இந்த ஒரு பிரிவினாலேயே தீர்ந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நீலம் வாங்கினவர் உயர்ந்தவருமல்லர், பொன்னிறம் வாங்கினவர் பேராசைக்காரருமல்லர். அது வெறும் திரவியம். மனத்துக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் திரையின் விஷயத்தில் சமணர் எழுப்பக்கூடிய ஆட்சேபம் வலிமையானது. அதே சிவப்புப் பொட்டு ஒருவரை நள்ளிரவில் எழுப்புகிறது, மற்றொருவரைத் தீண்டுவதே இல்லை. அப்படியானால் சாயம் பொட்டில் இல்லை, நெஞ்சில் அல்லவா இருக்கிறது? செட்டிங்ஸை மாற்றுவதனால் ஆவதென்ன? நானும் இதை நெடுநாள் யோசித்திருக்கிறேன். உள்ளத்தின் சாயமே மூலம் என்பது உண்மையாயினும், அந்தச் சாயம் ஒரே நாளில் ஏறியதன்று. ஒவ்வொரு சிறு செயலாலும் இழை இழையாக ஏறியது என்பதைச் சமணமே ஒப்புக்கொள்கிறது. செயலைத் தூண்டுவது எதுவோ அதை மாற்றும் சக்தி நம் கையில் இருக்கும்போது, மாற்றாமல் விடுவதும் ஒரு செயலே; அதற்கும் சாயம் உண்டு. ஆகவே கடையில் நிற்கும் மனிதனுக்கு, சமணரின் விடையைக் காட்டிலும் மெய்கண்டாரின் விடை அதிகப் பயன்படுகிறது என்றே கொள்கிறேன்.

நிறம் உயிருக்குப் பகை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. மணிமேகலையின் 27-ஆம் காதையில் ஆசீவகம் என்ற பழஞ்சமயத்தின் வாதி தன் கொள்கையைக் கூறுமிடத்தில், உயிர்கள் கருமை, கருநீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை என்ற ஆறு பிறப்பிலும் ஏறிச் சென்று, முடிவில் மிகு வெண்மையில் வீடு பெறும் என்கிறான். பல நூற்றாண்டு கழித்து, 1872-இல், இங்கிருந்து தெற்கே வடலூரில் இராமலிங்க வள்ளலார் ஞானசபையைத் திறந்தபோது, ஜோதியின் முன் அமைத்த ஏழு திரைகளின் நிறங்களும் கருமை, நீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை, பின்பு கலப்பு என்ற வரிசையிலேயே அமைந்தன. ஒன்றிலிருந்து ஒன்று வந்ததென்று நான் சாதிக்க மாட்டேன். ஆயினும் தமிழ் உள்ளம் நிறங்களை வழியிலுள்ள படிகளாகவே கண்டு வந்திருக்கிறது என்பதற்கு இது போதிய சான்று. பனைமலையில் ராஜசிம்ம பல்லவன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலில், ஈசனின் நடனத்தைக் கண்டு ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் அம்பிகையின் ஓவியம், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்டு, பெரும்பகுதி அழிந்தும் இன்றும் ஓரளவு எஞ்சியிருக்கிறது. அந்தச் சிவப்பும் மஞ்சளும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. கண்ணை அழைத்துக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்துகின்றன. உமாபதி சிவாசாரியாரும் திருவருட்பயனில் மாயையை விடியுமட்டும் எரியும் விளக்குக்கு ஒப்பிட்டாரேயன்றி, அணைக்க வேண்டிய நெருப்பாகச் சொல்லவில்லை.

இக்காரணத்தினால்தான், திரையை முழுவதும் நிறமற்றதாக, வெறும் சாம்பலாக்கிவிட வேண்டும் என்ற உபதேசத்தை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. கூகுள் நிறுவனத்தில் பணியாற்றி வெளிவந்த டிரிஸ்டன் ஹாரிஸ் போன்றோர் இதைச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் 'கிரேஸ்கேல்' என்ற பெயரில் அந்த வசதி இருக்கிறது. தூண்டுதலைக் குறைக்க அது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உயிர் எதையாவது சார்ந்தே நிற்கும், சார்பின்றி நில்லாது என்பது சித்தாந்தத்தின் ஆழ்ந்த கண்டுபிடிப்பு. செம்பருத்தியை அகற்றிவிட்டு அவ்விடத்தில் வேறொன்றை வைக்காமற் போனால், படிகம் அடுத்து வருகிற எந்த நிறத்தையும் ஏற்றுக்கொள்ளும். திரையைச் சாம்பலாக்கினவர், அதனால் மிஞ்சிய நேரத்தில் கோலத்தின் பக்கமோ, கோயிலின் பக்கமோ, பெற்ற குழந்தையின் முகத்தின் பக்கமோ கண்ணைத் திருப்பாவிட்டால், சில நாளில் வர்ணத்தை மீண்டும் ஏற்றிவிடுவார். பாதிப் பரிகாரம் அது. மறுபாதி திரைக்கு வெளியே இருக்கிறது.

இரவுக்கான ஏற்பாடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீல ஒளியைக் குறைத்து மஞ்சளாக்குவது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. எனினும் அது மட்டுமே உறக்கத்தைத் தந்துவிடும் என்று நம்பி நள்ளிரவு வரை பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பிரகாசத்தைத் தணிப்பதும் கைப்பேசியைக் கீழே வைப்பதுமே அதிகம் உதவும். 'டார்க் மோட்' என்ற கரும்பின்னணி, கறுப்புப் புள்ளிகள் உண்மையாகவே அணைந்துவிடும் ஆமோலெட் திரைகளில் மின்கலத்தை மிச்சப்படுத்துகிறது; கண்ணில் சிதறல் பார்வைக் குறை உள்ள சிலருக்கோ கறுப்பின்மேல் வெள்ளெழுத்து மங்கித் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்காக நிறத்தைத் திருத்திக் காட்டும் ஏற்பாடு ஒன்றும், கண்ணில் புரை படர்ந்த முதியோருக்குப் பயன்படும் எழுத்தைப் பெருக்கி மாறுபாட்டைக் கூட்டும் ஏற்பாடும் அதே பட்டியலில் உள்ளன. இங்கே நிறத்தேர்வு ஜீவகாருண்யத்தின் ஓர் அங்கமாகிவிடுகிறது. பாட்டியின் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கிற பேரன் செய்வது சிறு காரியமன்று.

ஆகையால் புதிய கைப்பேசி வாங்கப்போகிற அன்பர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். முதுகின் நிறத்தைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் மகிழ்ச்சியோடு தேர்ந்தெடுக்கட்டும். வீட்டுக்கு வந்ததும், எந்தச் செயலியையும் ஏற்றுவதற்கு முன், வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு டிஸ்ப்ளே பகுதியைத் திறந்து, வர்ணத்தை இயல்பான நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிரகாசத்தை அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் தணியுங்கள். பிறகு அறிவிப்புகளின் பகுதிக்குச் சென்று, உண்மையில் வேண்டிய ஒன்றிரண்டு தவிர மற்ற செயலிகளின் சிவப்புப் பொட்டுகளை நிறுத்திவிடுங்கள். முதல் திரையில் எதைக் காண விரும்புகிறீர்களோ அந்தப் படத்தை நீங்களே தேர்ந்து வையுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்காத இந்த வேலையைக் கடைக்காரரிடமோ தொழிற்சாலையிடமோ விட்டுவிடாதீர்கள்.