ஈகையா, ஒப்புரவா?

வாழ்வின் தொடக்கத்தில் வேலை தேடுவது ஒன்று. வாழ்வின் நடுவில் வேலை இழந்து மீண்டும் தேடுவது முற்றிலும் வேறொன்று. இருபது வயது இளைஞன் தேடும்போது, 'இவன் முன்னுக்கு வருவான்' என்று உலகம் பொறுத்திருக்கிறது. நாற்பத்தைந்து வயதினர் தேடும்போது, 'இவருக்கு ஏன் வேலை போயிற்று?' என்று ஐயுறுகிறது. படிக்கும் பிள்ளைகள், மூப்படைந்த பெற்றோர், அடைத்து முடியாத கடன் என இளைஞனுக்கு இல்லாத சுமைகளும் அவருக்கு உண்டு. அத்தகையோர்க்கு நாம் செய்ய வேண்டுவது ஈகையா, ஒப்புரவா? கடல் கடந்து வந்து வாழும் தமிழராகிய நாம் இவ்வினாவை எண்ணிப் பார்ப்பது தகும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. நம் தீவுகளிலேயே எழுந்த வினாவாகும். அந்தமான் நிக்கோபார் தீவுகள் வனம் மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகம் 1977ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. மரத்தொழிலோடு, லிட்டில் அந்தமானில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தையும் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தையும் அது நடத்திற்று. கச்சால் தோட்டத்தில் உழைத்தோருள் நம்மவர் பலர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கையில் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியா திரும்பிய மலையகத் தமிழர் அவர்கள். ஒரு முறை வேரோடு பெயர்க்கப்பட்டவர்கள், மீண்டும் ஒரு தீவில் வேர்விட்டார்கள்.

2001, 2002ஆம் ஆண்டுகளில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள் இத்தீவுகளின் காடுகளில் மரம் வெட்டுவதைப் பெரிதும் நிறுத்தின. கழகத்தின் தலையாய வருவாய் அத்துடன் வற்றிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் மிகக் கொடிய அழிவைக் கண்ட தீவுகளுள் கச்சாலும் ஒன்று. பின்னர் நடுவணரசின் கடனைக் கொண்டே ஊதியம் வழங்கும் நிலை வந்தது. 2017 ஆகஸ்டில் கழகத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அப்போது அதன் ஊழியர்கள் 836 பேர். பிற துறைகளுக்கு மாற்றப்பட்டோர் நீங்க, எஞ்சியோர்க்கு விருப்ப ஓய்வு; அதனை ஏற்காதோர்க்கு 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டப்படி ஆட்குறைப்பு. அச்சட்டம் ஆட்குறைப்புக்கு வகுத்த இழப்பீடு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியம்.

சட்டம் தன் கணக்கை முடித்துவிட்டது. அறத்தின் கணக்கும் முடிந்துவிட்டதா?

இழந்தது ஊதியம் மட்டுமாயின், பணம் அதனை ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் பால் வெட்டும் தொழிலாளியின் கைத்திறனை எண்ணுங்கள். விடியலில் எழுந்து, உள்மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவும் நுட்பம் பல ஆண்டுப் பழக்கத்தால் வருவது. தோட்டம் மூடப்பட்ட தீவில் அத்திறனை வாங்குவார் யார்? நிக்கோபாரிகளின் நிலத்தைக் காக்க 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறை உண்டு. அது நியாயமான காப்பு. ஆயினும் அதன் காரணமாக, வெளியிலிருந்து வந்தவர் அரசின் அனுமதியின்றி அங்கே நிலம் பெற்று வேறு தொழில் தொடங்க இயலாது. வேலை போகும்போது வீடும் ஊரும் உடன் ஆட்டம் காண்கின்றன. மேலும், நம் சமுதாயம் மனிதரைத் தொழிலால் அழைத்துப் பழகியது. 'மேஸ்திரி', 'டீச்சரம்மா', 'கிளார்க் வீடு' என்றே தெரு நம்மை அறியும். தொழில் போனவருக்குத் தெருவில் பெயரும் போய்விடுகிறது.

இந்நிலையில் உள்ளவரிடம் நாம் பேசுவது யாது? திருக்குறளின் 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை; 63ஆம் அதிகாரம் இடுக்கணழியாமை. முயற்சியை வற்புறுத்தியவுடனே, முயன்றும் துன்பம் வரின் கலங்காதிருத்தலை வள்ளுவர் வைத்த முறை போற்றத்தக்கது. ஆனால் அவை துன்புற்றவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியவை. வயிறு நிறைந்தவர் பசித்தவரை நோக்கி அவற்றை ஓதும்போது, அறவுரை பழியுரையாக மாறிவிடுகிறது. 'முயன்றால் கிடைக்காதா?' என்னும் கேள்விக்குள், 'நீர் முயலவில்லை' என்னும் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது அன்றோ?

நமக்குரிய அதிகாரம் வேறு. அது 22ஆவதாகிய ஒப்புரவறிதல். அதற்கு அடுத்ததே ஈகை. இவ்வரிசையை நாம் கருத வேண்டும். ஈகை, இல்லாதவர் மீது இரக்கங்கொண்டு கொடுப்பது; கொடுப்பவர் கை மேலே இருக்கும். ஒப்புரவோ, ஊரோடு ஒத்து வாழ்பவர் தம் கடமையென்று செய்வது. அதில் மேல் கீழ் இல்லை.

வேலை இழந்தார்க்குச் செய்வது ஒப்புரவே என்பது எம் துணிபு. காரணம் கூறுவோம். காடு காக்கப்பட்டது நன்று. மழையும் மண்ணும் அனைவர்க்கும் உரியன. நட்டத்தில் நடக்கும் நிறுவனத்தைக் கடனால் என்றும் தாங்க முடியாது என்பதும் உண்மையே. ஆனால் நன்மை ஊர் முழுவதற்கும், அதற்கான விலை சிலர்க்கு மட்டும் என்றால், எஞ்சியோர் அச்சிலர்க்குக் கடன்பட்டவர் ஆகிறோம். கடனைத் திருப்புவதற்கு ஈகை என்று பெயரில்லை.

நம்முள் பலர் நடுவணரசுப் பணியில் உள்ளோம். ஓய்வு பெறும் நாள்வரை நம் நாற்காலி அசைவதில்லை. அது நம் திறமைக்குக் கிடைத்த பரிசு என்று எண்ணுதல் தகாது. எந்தக் கோப்பில் எந்தத் துறை மூடப்படும் என்பதைத் தீர்மானித்தவர்கள் நாமும் அல்லர். கச்சாலில் பால் வெட்டியவரும் அல்லர்.

கடன் என்று ஏற்றால் செய்யத்தக்கன பல. இங்கே அலுவல் நடப்பது இந்தியிலும் ஆங்கிலத்திலும். பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றுக்கான படிவங்களை நிரப்ப ஒரு மாலைப்பொழுதை அளிக்கலாம். வேலைவாய்ப்புச் செய்தி நம் மேசைக்கு வந்த அன்றே அவர் செவிக்குச் சேர்க்கலாம். நேர்முகத் தேர்வுக்குக் கச்சாலிலிருந்து கப்பலேறி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு வருபவர்க்கு, அடுத்த கப்பல்வரை தங்க இடம் தரலாம். நாற்பது கடந்தவரை வயது காட்டி விலக்காமல், கற்றுக்கொள்ளச் சில திங்கள் பொறுக்குமாறு கடை நடத்தும் நம்மவரை வேண்டலாம். முன்பு மேற்பார்வையாளராக இருந்தவர் இன்று காவலராக நிற்பின், அவரைப் பழைய மரியாதையோடே விளித்து, சங்கத்தின் கூட்டத்தில் அவர் முன்பு அமர்ந்த இடத்திலேயே அமரச் செய்யலாம். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

நம் முன்னோர் இத்தீவுகளில் இறங்கியபோது அவர்க்கும் ஒருவர் படிவம் எழுதித் தந்திருப்பார். ஒருவர் திண்ணை கொடுத்திருப்பார். அவர்களை இன்று தேடிக் கண்டு நன்றி சொல்ல நம்மால் இயலாது. ஆனால் வேலை இழந்து நம் வாயிலில் நிற்பவரைத் தேட வேண்டியதில்லை. அவரிடம் அறவுரை தொடங்குமுன், 'உட்காருங்கள் அண்ணாச்சி, சான்றிதழ்களைக் காட்டுங்கள்' என்று சொல்வோமாக.