கட்டப்படாத ஆலயமும் ஏற்கப்பட்ட காணிக்கையும்

மனிதன் தனக்கென வகுத்துக்கொண்ட குறிக்கோள் பாதி வழியில் தடைப்பட்டு நிற்கும்போது, அதுவரை அவன் செலுத்திய உழைப்புக்கு இறைவனிடத்தில் மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு ஒவ்வொரு சமயமும் தன் போக்கில் விடை கண்டிருக்கிறது. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவியதும், மார்மன் சமயம் என்று பரவலாக அறியப்படுவதும், தன்னைப் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்று அழைத்துக்கொள்வதுமான கிறிஸ்தவப் பிரிவு இதற்குக் காணும் விடை, சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துச் சைவ மரபை அறிந்த வாசகருக்கு எதிர்பாராத அளவு நெருக்கமானது.

உயிர் பிறவிக்கு முன்பே இறைவனோடு இருந்தது என்றும், கற்றுத் தேறவே மண்ணுக்கு வந்தது என்றும், மரணத்துக்குப் பின்னும் அதன் வளர்ச்சி தொடர்கிறது என்றும் இச்சபை போதிக்கிறது. இதனை ‘நித்திய முன்னேற்றம்’ என்பர். ஆகவே குறிக்கோள் வகுப்பது இங்கே ஏறக்குறைய ஒரு சமயக் கடமையாகவே அமைந்துவிட்டது. 2020இல் தொடங்கிய சிறுவர், இளைஞர் திட்டம் ஆன்மிகம், சமூக உறவு, உடல்நலம், அறிவு ஆகிய நான்கு துறைகளிலும் இளையோர் தாமே இலக்குகளை வகுத்துக்கொள்ளும்படி கேட்கிறது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. முன்னேற்றமே வாழ்வின் பொருள் என்று கற்றவர், தேர்விலோ தொழிலிலோ உடல்நலத்திலோ தளரும்போது, தாம் இறைவன் முன்னிலையிலேயே தோற்றுவிட்டதாக எண்ணி மனம் ஒடிகிறார். சபையின் பன்னிரு அப்போஸ்தலர்களுள் அப்போது ஒருவராக இருந்த ஜெஃப்ரி ஹாலண்ட் 2017ஆம் ஆண்டு அக்டோபர் பொது மாநாட்டில், நிறைவு என்பது இப்போதே எட்டிவிட வேண்டியதன்று, காலப்போக்கில் கிறிஸ்துவின் அருளால் கூடிவருவது என்று பேச நேர்ந்ததற்கு இந்த மனச்சுமையே காரணம்.

எனினும், இதற்கான மருந்து சபையின் தொடக்க வரலாற்றிலேயே இருக்கிறது. மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில் ஆலயம் எழுப்ப வேண்டுமென்று இறைவன் கட்டளையிட்டதாக நம்பிய மக்கள், 1831 ஆகஸ்ட் 3 அன்று அதற்கான நிலத்தை அர்ப்பணித்தனர். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1833இன் இறுதியில், அவ்வட்டாரத்தார் அவர்களை ஆயுத பலத்தால் துரத்தியடித்தனர். கட்டளை இறைவனுடையதாக இருந்தும் நிறைவேறவில்லை என்றால் பிழை யாருடையது என்ற வேதனை அவர்களை நெடுநாள் வாட்டியது. 1841 ஜனவரி 19 அன்று ஜோசப் ஸ்மித் பெற்றதாகச் சபை ஏற்கும் வெளிப்பாடு, அதாவது இறைவாக்கு, ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்னும் மறைநூலின் 124ஆம் பிரிவாக உள்ளது. முழு ஆற்றலோடு உழைத்தவர்களைப் பகைவர் தடுத்துவிட்டால், இறைவன் அந்த வேலையை அவர்களிடம் மேலும் கேட்பதில்லை, அவர்களுடைய காணிக்கையை ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் சாரம்.

தில்லையில் பாடப்பெற்று அங்கேயே அரங்கேறியதாக மரபு சொல்லும் பெரியபுராணத்தில் பூசலாரின் வரலாறு இதே கருத்தை இன்னும் ஆழமாகக் காட்டுகிறது. திருநின்றவூரில் சிவனுக்குக் கோயில் எடுக்க விரும்பிய பூசலார், எங்கெங்கோ தேடியும் பொருள் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே நிதி திரட்டி, தச்சரை அமர்த்தி, நல்ல நாளில் அடித்தளம் இட்டு, இரவும் கண் துயிலாமல் சிகரமும் மதிலும் கிணறும் குளமும் ஒவ்வொன்றாக அமைத்தார். காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னனின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் செய்து, இறைவன் பூசலாரின் கோயிலில் முதலில் எழுந்தருளினான். இந்த அடியாரை முன்பே அந்தாதியில் போற்றிய நம்பியாண்டார் நம்பியின் ஊர், குமராட்சிக்கு அண்மையிலுள்ள திருநாரையூர்.

ஆனால் இந்த ஆறுதலுக்கு ஓர் எல்லை உண்டு. கொள்ளிடக் கரையில் மேற்கா நாட்டு ஆதனூரில் பிறந்த நந்தனார், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்துவிட்டு, அந்தக் கோயில்களுக்கு வெளியிலேயே நின்றார். தில்லைக்குப் போகும் எண்ணம் நாளை நாளை என்று தள்ளிப்போனதற்கு அவருடைய சோம்பல் காரணமன்று, பிறப்பின் பெயரால் போடப்பட்ட தடையே காரணம். மார்மன் சபையும் ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு ஆசாரியத்துவத்தை, அதாவது சமயப் பணிக்கான அதிகாரத்தை, 1978 ஜூன் வரை மறுத்தே வந்தது. வாயிலை அடைத்துவைத்தவர், வெளியே நிற்பவரிடம் உன் காணிக்கை ஏற்கப்பட்டது என்று சொல்வது ஆறுதல் ஆகாது, அநீதிக்குப் பூசும் மெருகே ஆகும். அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை இறைவனுக்கு மட்டுமே உண்டு. தடையை அகற்றுவது மனிதரின் பொறுப்பு.

தடை வெளியிலிருந்து வராமல் ஒருவரின் சொந்தப் பலவீனத்திலிருந்தே எழும்போது, சபையின் மற்றொரு மறைநூலான மார்மன் புஸ்தகம் வேறு விதமாகப் பேசுகிறது. பலவீனம் மனிதரைத் தாழ்மைக்கு அழைக்கவே தரப்பட்டது, தாழ்மையோடு வருபவருக்கு அதுவே பலமாக மாற்றப்படும் என்கிறது அதிலுள்ள ஏத்தேரின் புத்தகம். தன் பலத்துக்கு மிஞ்சி ஓட வேண்டியதில்லை என்கிறது மோசியாவின் புத்தகம். இவை ஏட்டளவில் நின்றுவிடாமல் ஞாயிறுதோறும் நிகழும் திருவிருந்தில் உருக்கொள்கின்றன. அப்பமும் தண்ணீரும் பகிரும் அவ்வழிபாட்டில் உறுப்பினர் தம் திருமுழுக்கு உடன்படிக்கையைப் புதுப்பிக்கின்றனர். அப்பத்தை ஆசீர்வதிக்கும் இளைஞர் ஜெபத்தின் ஒரு சொல்லைத் தவறவிட்டால், அவர் ஜெபத்தைத் திருத்தமாக மறுபடியும் சொல்கிறார், சபையார் தலை வணங்கிக் காத்திருக்கின்றனர். வாரந்தோறும் தொடங்க இடமளிக்கும் இந்த ஒழுங்கு, ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்துச் சில நாளில் கைவிடும் சபதங்களைக் காட்டிலும் மனித இயல்பை நன்கு அறிந்தது.

நிறைவேறாத உழைப்பும் காணிக்கையாக ஏற்கப்படும் என்னும் கோட்பாடு தமிழ்நாட்டிலும் ஒருமுறை சோதனைக்கு உள்ளானது. சால்ட் லேக் நகரில் 1849இல் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ரிச்சர்ட் பாலன்டைன், 1853இல் சென்னைக்கு வந்து பிரசங்கித்தும் பத்திரிகை அச்சிட்டும் உழைத்தார். மிகச் சிலரே சேர்ந்தனர், அடுத்த ஆண்டே அவர் திரும்பினார். நூறாண்டுக்குப் பின் கோயம்புத்தூரில் தமிழர் ஒருவர் பழைய துண்டுப் பிரசுரம் ஒன்றைப் படித்து, தாமே சபைக்கு எழுதி, 1965இல் திருமுழுக்குப் பெற்றார். பாலன்டைனின் உழைப்பே இவ்வாறு பலித்தது என்று இரண்டையும் முடிச்சுப் போடுவதற்குச் சான்று இல்லை. காணிக்கை ஏற்கப்பட்டது என்னும் நம்பிக்கைக்கு அத்தகைய முடிச்சு தேவையும் இல்லை, ஏனெனில் பலன் கண்ட பிறகுதான் ஏற்கப்படும் என்றால் அது காணிக்கை ஆகாது. இந்தியாவில் இச்சபையின் முதல் ஆலயத்துக்கு 2020 டிசம்பரில் பெங்களூரில் பணி தொடங்கியது. இண்டிபெண்டன்ஸில் 1831இல் அர்ப்பணிக்கப்பட்ட இடமோ இன்று வேறொரு சிறு சபையின் உடைமையாக இருக்கிறது. அங்கே ஆலயம் ஒருநாள் எழும் என்ற நம்பிக்கையைப் பிற்காலப் பரிசுத்தவான்கள் கைவிடவில்லை.