கையில் இருப்பதை எடு, வரை!

ஓவியக் கல்லூரிப் படியை மிதிக்காதவன் ஓவியனே இல்லை என்று உன்னிடம் யார் சொன்னது? யார் சொல்லியிருந்தாலும் சரி, அந்தப் பேச்சை இன்றோடு தூக்கி எறி!

ஜப்பானில் தட்சுவோ ஹொரியுச்சி என்று ஒரு பெரியவர். 1940-இல் பிறந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கணினியில் படம் வரைய ஆசைப்பட்டார். அதற்கென்று விற்கும் மென்பொருளுக்கு விலை அதிகம். கணினியிலோ எக்செல் ஏற்கெனவே இருந்தது. வரவு செலவு போடுகிறார்களே, அதே எக்செல்தான்! அதில் கோடு போடவும் வடிவங்கள் செய்யவும் வசதி உண்டு. அவற்றை எடுத்து வளைத்தார், நிறம் நிரப்பினார், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். மலை எழுந்தது, கிளை நீண்டது, செர்ரிப் பூ கொத்துக் கொத்தாக மலர்ந்தது. நாட்டின் மரபு ஓவியச் சாயலைக் கணக்குப் போடும் மென்பொருளுக்குள் கொண்டுவந்துவிட்டார். 2006-இல் எக்செல் ஓவியப் போட்டியில் முதல் பரிசும் வாங்கினார். நல்ல கருவி கிடைக்கட்டும், அப்புறம் வரையலாம் என்று நாள் கடத்துகிறாயே, இவரிடம் எந்தக் கருவி இருந்தது?

கவிஞர் தாகூரும் முறையாக ஓவியம் பயின்றவர் இல்லை. கையெழுத்துப் படியில் அடித்துத் திருத்திய வரிகளைச் சும்மா விடாமல் இணைத்து இணைத்து உருவங்களாக்கியதில் பிறந்தது அவருடைய ஓவியம். பேனா மையில் வரைந்தார், துணியாலும் விரலாலும் நிறம் தேய்த்தார். 1930-இல் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்தபோது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. உனக்கு என்ன வயது?

"இன்று வாட்டர் கலர், நாளை கரி, மறுநாள் டேப்லெட். எதிலும் நிலையாக நிற்க மாட்டேன் என்கிறாய்" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். ஒவ்வொரு ஊடகமும் உன் கைக்கு வேறொரு பாடம் நடத்துகிறது. வாட்டர் கலரில் வெள்ளை என்பது காகிதத்தின் வெள்ளைதான். வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று தூரிகை தொடும் முன்பே முடிவு செய்து அந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும். அடர்நிறம் பூசிவிட்டால் அந்த வெள்ளையை முழுதாக மீட்க முடியாது. கரித்துண்டு நிறத்தையெல்லாம் பறித்துக்கொண்டு நிழலை மட்டும் பார்க்கப் பழக்கும். திரையிலோ போட்ட கோட்டை ஒரு தட்டில் திரும்பப் பெறலாம், லேயர் லேயராகப் பிரித்து வைக்கலாம். அதனால் பயமில்லாமல் பத்து விதமாக முயன்று பார்க்கும் துணிச்சல் வரும். காகிதத்தில் கற்ற நிதானமும் திரையில் கற்ற துணிச்சலும் ஒரே கையில் சேரும்போது உனக்கென்று ஒரு கோடு பிறக்கும். அதைத்தான் தேடுகிறாய், தம்பி! அதைத்தான் தேடுகிறாய், தங்கையே!

படம் கோணலாக வரும். முகம் ஒரு பக்கம் வீங்கும், பச்சை சேறாகும். கிழிக்காதே. தேதி போட்டு எடுத்து வை. எந்த இடத்தில் கை வழுக்கியது என்று அடுத்த வாரம் அதே படம் உனக்குச் சொல்லித் தரும். அதைவிடப் பொறுமையான ஆசிரியர் உனக்குக் கிடைக்கப்போவதில்லை.

டேப்லெட் வாங்க வசதியில்லையா? போன் திரையில் விரலால் வரை. கணினி இருந்தால் கிரிட்டா என்ற மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது, இறக்கிக்கொள். எதுவுமே இல்லையா? தம்பி நோட்டின் கடைசிப் பக்கமும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் போதும். உன் தெருவை வரை, உன் அம்மாவின் கையை வரை. யாருடைய அனுமதிக்கும் காத்திராதே, இன்றைக்கே உட்கார்!