குஸ்கா சைவமா?

பெண்ணையாற்றங்கரை மூங்கில்துறைப்பட்டில் நம் வீட்டு வலீமா ஒன்று நடப்பதாக வைத்துக்கொள்வோம். சர்க்கரை ஆலையில் உடன் வேலை பார்க்கும் இந்து நண்பர்களும் வந்திருக்கிறார்கள். ஒருவர், "நான் சைவம்" என்கிறார். பரிமாறுபவர் பிரியாணிச் சட்டியில் கறியை ஒதுக்கி, "வெறும் குஸ்காதான், தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்கிறார். தால்சாவிலும் எலும்பை எடுத்துவிட்டு ஊற்றுகிறார். இதில் தவறென்ன?

பன்றி இறைச்சியோடு வெந்த சோற்றில் துண்டை மட்டும் நீக்கி நமக்குத் தந்தால் நாம் உண்போமா? "நம்முடையது இறைக்கட்டளை, அவருடையது வெறும் வழக்கம்தானே" என்று சிலர் கூறக்கூடும். அவர் கொள்கை சரியா என்பது வேறு விஷயம். நாம் சொன்ன சொல் மெய்யா என்பதே இங்கு கேள்வி.

சைவம் எது என்பதற்கு உலகெங்கும் ஒரே அளவுகோல் இல்லை. வங்காளத்துப் பிராமணர் பலர் மீன் உண்பர். சமணரில் பேணுதலுள்ளோர் வெங்காயம், பூண்டு, கிழங்கையும் தொடார். இலங்கையில் தேங்காய்ச் சம்பலில் மாசி சேர்ப்பதுண்டு. ஜப்பானில் காய்கறிக் குழம்புக்கும் உலர்மீன் சாறே பெரும்பாலும் அடிப்படை. மேல்நாட்டு ஆலைகள் சில எலும்புக்கரியால் சர்க்கரையை வெளுப்பாக்குகின்றன. நம் நாட்டு ஆலைகளில் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தகப் புகையுமே பயன்படுகின்றன. நம் நாட்டு உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி இடப்படுகிறது. அச்சட்டப்படி பால் சைவம், முட்டை அசைவம்.

இப்படி ஆளுக்கொரு எல்லை இருக்கையில், யாருடைய எல்லையை நாம் ஏற்பது? சந்தேகமில்லாமல் உண்பவருடையதைத்தான். பச்சைப் புள்ளி இருந்தும், மது கலந்திருக்குமோ என்று நாம் விசாரிக்கிறோம் அல்லவா? விசாரிக்கும்போது உண்மையான பதிலை எதிர்பார்க்கிறோம். அதே உண்மையை நம்மிடம் பெற அவருக்கும் உரிமை உண்டு.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் மறைந்திருந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்தார்கள். ஈரமான தானியத்தை விற்றதல்ல அங்கே குற்றம். அதை மறைத்ததே குற்றம். குஸ்காவில் ஊறிய கறிச்சாறும் அந்த ஈரத்தைப் போன்றதே.

ஆகவே விருந்து வைப்போர் தனிச் சட்டி, தனிக் கரண்டியில் மரக்கறி உணவு சமைக்கட்டும். இயலாவிட்டால், "இதில் கறிச்சாறு இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பழமும் மோரும் கொடுக்கட்டும். விருந்தாளியின் நம்பிக்கை நம்மிடம் உள்ள அமானிதம். அதைப் பேணும் நல்லோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.