கரண்ட் போனா அது என்ன செய்யும்?

எந்தப் புதுச் சாமானைப் பற்றிச் சொன்னாலும் உம்மாவிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: “கரண்ட் போனா அது என்ன செய்யும், மகன்?”

2017 இல் ஒரு நாள், பகல் கறிக்கு அவர் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார். அமெரிக்காவில் விற்பனைக்கு வந்திருந்த ஒரு சாறு பிழியும் இயந்திரத்தைப் பற்றி அப்போது சொன்னேன். ஜூசெரோ என்று பெயர். முதலில் 700 டொலர். பிறகு 400க்கு இறங்கியது. நறுக்கிய பழமும் காய்கறியும் அடைத்த பைகளையும் அந்தக் கம்பனியிடமே வாங்க வேண்டும். இணையத்தோடு தொடுத்தால்தான் இயந்திரம் ஓடும். புளூம்பேர்க் செய்தியாளர்கள் ஒரு பையை எடுத்து வெறுங்கையால் பிழிந்து பார்த்தார்கள். இயந்திரம் தந்த சாறு கையிலும் ஏறக்குறைய அவ்வளவே வந்தது. உலகம் சிரித்த சிரிப்பில் அதே ஆண்டு செப்டெம்பரில் கம்பனி கடையைக் கட்டியது.

உம்மா பாலை வடித்துவிட்டுக் கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவை உதறினார்.

“கரண்ட் போனா?”

“கையாலயே பிழியலாம், உம்மா.”

“அப்ப நல்ல மிஷின்தானே!”

ஊரெல்லாம் எள்ளிய பொருள் உம்மாவின் பரீட்சையில் மட்டும் பாஸாகிவிட்டது. அவர் பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

எங்கள் ஊர் இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. முற்றத்தில் நின்றால் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 2011 இல் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. 2014 இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற். நிலக்கரிக் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். பாதைப்படகுகள் போய் இறக்கி வரும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கடல் அதற்கு இடங்கொடுக்காது. ஆகவே அதற்கு முன்பே கரிமலையைக் குவித்துவிட வேண்டும். அந்தக் கரித்தூள் தங்கள் வெங்காயத்திலும் மிளகாயிலும் படிகிறது என்று தோட்டக்காரர்கள் பல வருடமாக முறையிடுகிறார்கள். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இங்கிருந்து போகிறது. எங்கள் வீட்டிலும் கரண்ட் போகிறது. விளக்கடியில் இருட்டு என்று முன்னோர் சும்மா சொல்லவில்லை.

உம்மாவின் தலைமுறை இதைவிடப் பெரிய கூத்துகளையும் பார்த்தது. 1996 மே மாதம், மின்சாரப் பற்றாக்குறை என்று நாட்டின் மணிக்கூட்டையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் கலியாணக் கார்ட் கிடைத்தால் முதல் கேள்வி “புது நேரமா, பழைய நேரமா?” என்பதுதான். பாங்கு மட்டும் சூரியனைப் பார்த்தே ஒலித்தது. பிறகு 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. குப்பி விளக்கைத் தேடி எடுத்தால் அதற்கு ஊற்ற மண்ணெண்ணெய் இல்லை. வள்ளக்காரர்களும் அதே மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றார்கள். இத்தனையும் கண்ட ஒருவருக்குப் புதுச் சாமானின் விலையோ நிறமோ முதலில் மனதில் வராது.

எனக்கு அப்படியில்லை. தொழில்நுட்பச் செய்தி என்றால் எனக்கு முதலில் வருவது சிரிப்பு. 2021 ஒக்டோபரில் ஆப்பிள் கம்பனி திரை துடைக்க ஒரு துணி விற்றது: 19 டொலர், அன்றைய கணக்கில் நாலாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. எங்கள் வாப்பா ஆயுள் முழுக்கச் சாரத்தின் நுனியால் மூக்குக் கண்ணாடி துடைத்தவர். சாரத்தை உடுக்கலாம், போர்த்தலாம், பிள்ளைக்குத் தொட்டில் கட்டலாம், கிழிந்த பிறகும் துடைக்கலாம். ஆப்பிள் துணியை உடுக்க முடியாதே என்று எழுதி நண்பர்களுக்கு அனுப்பினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் ஒரு சுகம் இருக்கிறது. நமக்கு எட்டாததை வாங்குகிறவன் முட்டாள் என்று தெரியவரும்போது எட்டாமல் போனதன் வலி குறைகிறது. ஆனால் கையில் காசு வந்தபோது நான் என்ன செய்தேன்? கொழும்பில் ஒரு கடையில், போன் மூலம் இயக்கும் பல்ப் ஒன்று வாங்கி வந்தேன். படுக்கையிலிருந்தபடியே அணைக்கலாம், நிறம் மாற்றலாம். உம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். “எந்த பல்பும் அணையும்தானே, உம்மா” என்றேன்.

விஷயம் கரண்ட் போவதில் இல்லை, திரும்பி வருவதில் இருந்தது. அந்த வகை பல்புகள் பலவற்றுக்கு, மின்சாரம் துண்டித்துத் திரும்பினால், முன்பு அணைத்திருந்தோமா என்ற நினைவு கிடையாது; முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கிவிடும். ஒரு நாள் நடுச்சாமம் இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. வீடு பட்டப்பகலானது. உம்மா சுபஹு தப்பிவிட்டதென்று பதறி எழுந்து வுளூச் செய்யக் கிணற்றடிக்குப் போய்விட்டார். இணையம் திரும்பியிருக்கவில்லை, போனால் அணைக்கவும் முடியவில்லை. கடைசியில் சுவரில் இருந்த பழைய சுவிட்சைத் தட்டினேன். அன்றிலிருந்து ஆப்பிள் துணி பற்றி நான் பேசுவதில்லை.

சிரித்தவர்கள் தோற்ற கதையும் எங்கள் கரையில் உண்டு. தெற்காசியாவில் செல்போன் சேவை முதலில் வந்தது இலங்கையில்தான், 1989 இல். எங்கள் மீனவர் கைக்கு அது வந்து சேரப் பல வருடம் பிடித்தது. முதன்முதலில் ஒருவர் போனை ஷொப்பிங் பேக்கில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வள்ளத்தில் ஏறியபோது கரையே சிரித்தது. “என்ன நானா, மீனுக்குக் கோல் எடுக்கப் போறீங்களா?” நானும் சிறுவனாக நின்று சிரித்தேன்.

அவர் கோல் எடுத்தது மீனுக்கு அல்ல, விலைக்கு. அதே காலத்தில், 1997க்கும் 2001க்கும் இடையில், கேரளக் கரையில் செல்போன் பரவியபோது நடந்ததை ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் அளந்து 2007 இல் எழுதினார். அதற்கு முன் ஒரு கரையில் சாளை வாங்க ஆளில்லாமல் கொட்டப்படும். சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீனே இருக்காது. கடலில் இருந்தபடியே விலை கேட்கத் தொடங்கிய பிறகு கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவருக்கு இலாபம் சராசரி 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. எங்கள் கரையில் கணக்கு அத்தனை சுத்தமாக முடியவில்லை. முதலாளியிடம் முற்பணம் வாங்கி வலை கட்டியவர், பத்துக் கரையின் விலை தெரிந்தாலும் அந்த முதலாளிக்குத்தான் மீனைப் போட வேண்டும். போன் அவருக்குத் தந்தது விலை அல்ல. தான் எவ்வளவு இழக்கிறோம் என்ற துல்லியமான தகவல். இதை நாங்கள் அன்று யோசிக்கவில்லை. நானாவின் ஷொப்பிங் பேக்கைப் பார்த்துச் சிரித்ததோடு எங்கள் யோசனை முடிந்துவிட்டது.

சிரிப்பில் எனக்கு இப்போது உள்ள பயம் இதுதான். ஒரு விஷயத்தைச் சிரித்து முடித்துவிட்டால் அதைப் புரிந்துகொண்டுவிட்டது போல ஒரு நிறைவு வருகிறது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. ஞாயிறு எங்கள் வீட்டில் கட்டாரிலிருந்து பேத்தி வீடியோவில் வரும் நாள். உம்மா சேலை மாற்றி, முக்காட்டைச் சரிசெய்து, போனைக் கையில் வைத்துக் காத்திருந்தார். இரவே சார்ஜ் போட மறந்திருந்தோம். நான் பார்க்கும்போது திரை கறுத்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்விக்கு உம்மாவின் கையிலிருந்த போனே அன்று பதில் சொன்னது: கரண்ட் போனால் பேத்தி மறைந்துவிடுவாள். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. கறுத்த திரையைச் சேலை நுனியால் துடைத்தார்.

கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். அதன் பிறகு உலகம் சும்மா இருக்குமா? அனுமன் முதல் தடவை தீ வைத்தான், இந்தத் தடவை லைட்டை நிறுத்தினான் என்ற பாணியில் பகிடிகள் கொட்டின. மாலைக்குள் பெரும்பாலான இடங்களுக்கு மின்சாரம் திரும்பியது. நான் போனுக்கு உயிர் கொடுத்த கையோடு வந்ததையெல்லாம் சிரித்துச் சிரித்து அனுப்பினேன்.

நுரைச்சோலை மட்டும் திரும்பவில்லை. அனல் மின் நிலையம் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளாது. அதன் பம்பிகளும் காற்றாடிகளும் சுழலவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். நீர் மின் நிலையங்கள் முதலில் எழுந்து, அதன் பிறகுதான் கரி மூட்டலாம். மூன்று இயந்திரங்களும் வழமைக்கு வரச் சில நாட்கள் பிடித்தன. இடையில் நாட்டுக்கு ஒன்றரை மணித்தியாலச் சுழற்சி மின்வெட்டு. கரண்ட் போனால் கரண்ட் செய்யும் இடமே உம்மாவின் பரீட்சையில் பெயில்.

ஒரு குரங்கு பட்டால் ஒரு நாடு ஏன் இருண்டது என்பதற்கான விளக்கம் மெதுவாகத்தான் வந்தது. ஞாயிறு, தொழிற்சாலைகள் இல்லை, தேவை குறைவு. நல்ல வெயில், கூரைச் சூரியத் தகடுகளின் மின்சாரம் நிறைய. அதனால் கனத்த சுழலிகள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. சுமையேற்றிய வள்ளம் அலையில் ஆடினாலும் நிமிர்ந்துவிடும். வெறும் வள்ளம் ஒரு அலைக்கே புரளும். சுழலும் இரும்பின் கனம்தான் மின் வலையமைப்புக்குச் சுமை. அன்று அது வெறும் வள்ளமாகக் கிடந்தது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் பிற்பகல் 3 மணிவரை கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டபோதும் காரணம் இதுதான். அதற்கும் பகிடிகள் வந்தன: மின்சாரம் போதாத நாட்டில் வெயில் கூடிவிட்டதாம்! அந்தப் பகிடிக்குள்ளும் மின்கலச் சேமிப்புக்கு ஏன் முன்பே காசு ஒதுக்கவில்லை என்ற கேள்வி இருந்தது. அதைத் தோண்டி எடுக்க யாருக்கும் அவகாசமில்லை. குரங்கு எவ்வளவு வசதியான குற்றவாளி! அதற்கு வக்கீல் இல்லை, சங்கம் இல்லை, பேட்டி கொடுக்காது.

மே மாதத்தில் பகிடி எங்கள் வாசலுக்கே வந்தது. சுற்றிலும் கடல் உள்ள நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்குகிறது என்று உலகம் சிரித்தது. அது எங்கள் புத்தளம் உப்பளத்தைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. உப்பு விளைய வெயில் வேண்டும். மழை தொடர்ந்து கெடுத்திருந்தது. அந்தப் பகிடியை உப்பளத்தில் கூலிக்கு நிற்கும் பக்கத்து வீட்டு மச்சானுக்கு நான் அனுப்பவில்லை. கை போகவில்லை. அப்போதுதான் பெப்ரவரி நினைவுக்கு வந்தது.

பெப்ரவரியில், கரண்ட் போன அந்த ஞாயிறு இரவு, உம்மாவுக்குப் பகிடிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். பேத்தியோடு பேசி முடித்திருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்தக் குரங்கு செத்துட்டா, மகன்?” என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 2016 ஜூனில் கென்யாவிலும் இப்படித்தான் ஒரு குரங்கு மின்மாற்றியில் விழுந்து நாடு இருண்டது, அந்தக் குரங்கு தப்பிவிட்டதாக மின் கம்பனியே அறிவித்தது என்று சொன்னேன்.

“அது கென்யாக் குரங்கு. நான் கேட்டது பாணந்துறைக் குரங்கை.”

அவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். முற்றத்துக்கு வந்தேன். புகைபோக்கியில் புகை இல்லை. போனை எடுத்துப் பார்த்தேன். மாலையிலிருந்து பன்னிரண்டு பகிடிகள் அனுப்பியிருந்தேன். ஒன்றில்கூட ஒரு குரங்கு இருக்கவில்லை.