பிணியாளர்க்குச் சலுகை உண்டோ?

பிணியுற்றவர்க்கு அறத்திலே சலுகை உண்டா? டாஷியல் ஹாமெட் என்னும் அமெரிக்கரது வாழ்வை நோக்குங்கால் இவ்வினா நம்முள் எழுகின்றது. 1915-இல் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்திற் சேர்ந்து, மறைந்திருப்போரைக் கண்டு கூறுவதையே தொழிலாகக் கொண்டவர் அவர். 1918-இல் படையிற் சேர்ந்தார். அங்கே விஷக்காய்ச்சல் கண்டு, பின் காசநோயும் பற்றியது. இளமையிலேயே துப்புத்தொழிலை விட்டுக் கதை எழுதிப் பிழைத்தார்.

1951-இல் நியூயார்க் நீதிமன்றம் அவரை வினவியது: கம்யூனிஸ்டுத் தலைவர்களுக்குப் பிணைப்பணம் கட்டிய நிதிக்குப் பொருளுதவினோர் யாவர்? அந்நிதியின் பொறுப்பாளருள் அவரும் ஒருவர். பெயர் கூற மறுத்தார். ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. வயதோ 57, நுரையீரலோ நைந்தது. பெயர்களைச் சொல்லியிருப்பினும், “நோயாளி, பாவம்” என்று உலகம் பொறுத்திருக்கும்.

அவரது அரசியலை நாம் ஏற்க வேண்டுவதில்லை. நீதிமன்றத்தில் உண்மை கூறுதல் கடமையன்றோ எனின், கடமையே. ஆனால் அவர் பொய்யுரைத்தாரல்லர்; வாய் திறவாதிருந்து, அதற்குரிய தண்டனையைத் தம் நலிந்த உடலாலேயே செலுத்தினார். நாம் மனமுவந்து அளித்திருக்கக்கூடிய சலுகையை அவர் தாமாக எடுத்துக்கொள்ளவில்லை. நலங்குன்றி மீண்ட அவர், 1961 ஜனவரியில் நுரையீரற் புற்றுநோயால் இறந்தார்.