ஐந்து மாதம்

வாசகர்கள் என்னை வானசாஸ்திரி என்று எண்ணிவிட வேண்டாம். கன்னி ராசிப் பக்கம் 3சி 279 என்று ஒரு குவேசார் இருக்கிறது. அதன் நடுவிலுள்ள கருந்துளையின் அருகிலிருந்து ஒரு தாரை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் நம்மை நோக்கிப் பீறிடுகிறது. 1991-ல் அது காமாக் கதிரில் பொங்கியதைக் காம்ப்டன் விண்கலம் கண்டது. இத்தகைய தாரைகளில் பெரும்பாலும் காமாக் கதிர்தான் முதலில் பொங்குகிறது. ரேடியோ அலை உயர்வதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகின்றன. அடிப்பகுதியில் தாரை அத்தனை அடர்த்தி. அங்கே பிறக்கும் ரேடியோ அலையை அதுவே விழுங்கிவிடுகிறது. கொந்தளிப்பு வெளியே நகர்ந்து விரிந்த பிறகுதான் அலை தப்பி வருகிறது.

இதைப் படித்ததும் என் தம்பியின் ஞாபகம் வந்தது. பாகப்பிரிவினையன்று கூடத்தில் நாலு பேர் முன்னிலையில் அவனை ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். வருந்திக் கடிதம் எழுத ஐந்து மாதம் ஆயிற்று. "அன்றைக்குத் தோன்றாத வருத்தம் இப்போது எங்கிருந்து வந்தது, அண்ணா?" என்று பதில் போட்டான்.

நியாயமான கேள்விதான். அன்றே உள்ளே இருந்தது, கோபம் விழுங்கிவிட்டது என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் குவேசார் எனக்குச் சாட்சி சொல்ல வருமா? சில பொங்கல்களுக்குப் பின்னால் ரேடியோ அலை உயர்வதே இல்லையாம். மேலும், தாரைக்கு மனம் கிடையாது. எனக்கு இருந்தது, தபாலாபீசும் தெருக்கோடியிலேயே இருந்தது.